பதினான்கு மணி நேர இருட்டு

மே 29

டைமரை இன்று மாற்றியாயிற்று. காலை ஏழு மணிக்கு விளக்கு எரியும், மாலை ஐந்துக்கு அணையும். பத்து மணி நேரம் வெளிச்சம், பதினான்கு மணி நேரம் இருட்டு. சாமந்தி வெளிச்சத்தில் இலை விடும், நடுவில் அறுபடாத நீண்ட இருட்டில்தான் மொட்டு விடும். இரவு நீண்டுவிட்டது, இனி பூத்துத் தொலைக்க வேண்டியதுதான் என்று அதை நம்ப வைக்க வேண்டும். பன்னிரண்டு தொட்டி, மூன்று தட்டு வைத்த இரும்பு ஸ்டாண்ட், தட்டுக்கு இரண்டு டியூப். பின்னறையில் ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது, திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மூக்கில் இடிக்கும். வெயில் என்பதே அங்கே வதந்தி. இருக்கிற மங்கல் வெளிச்சமும் வராமல் அதில் அட்டை வைத்து மூடிவிட்டேன்.

செப்டம்பர் முதல் ஞாயிறு தோட்டக் குழுவின் கண்காட்சி. 'வெயிலே படாமல் பூத்தவை' என்று அட்டை எழுதி வைக்கப் போகிறேன். மொட்டை மாடி வைத்திருக்கிறோம் என்று அலட்டுகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும்.

ஒரே தொல்லை, அந்த அறையில் இப்போது என் நாத்தனார் இருக்கிறார். இவருடைய அக்கா. அறுபத்தொரு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, முப்பத்து மூன்று வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். குடியிருந்த வீட்டை விற்றுவிட்டார்கள் என்று மார்ச்சில் வந்தார். "அக்கா நம்மோடயே இருக்கட்டும்" என்றார் இவர். தலையாட்டினேன். ஆட்டாமல் என்ன செய்வது? செடி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுக் கொடுத்தோம்.

இன்று சொன்னேன்: "அஞ்சு மணிக்கு மேல இந்த ரூம்ல லைட் போடக் கூடாது அண்ணி. ஒரு நிமிஷம்கூட. செடி குழம்பிடும்."

"செடி குழம்பக் கூடாது, நான் குழம்பினா பரவாயில்ல. அப்படித்தானே?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "சரிம்மா" என்றார்.

ஸ்டாண்டைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டால் இந்த வம்பே இல்லை. போன வருஷம் மூடினேன். காற்று போகாமல் இலையெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது.

ஜூன் 4

மாலையில் அண்ணி கூடத்தில் வந்து உட்கார்ந்து நூலகப் புத்தகத்தைப் பிரிக்கிறார். இவர் டி.வி.யில் மேட்ச். அண்ணி காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார். அதில் ஒரு நக்கல் தெரிகிறது. என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறதா?

பாத்திரம் கழுவிய பிறகு, ஒன்பதரைக்கு, நான் பின்னறைக்குப் போய்ச் செடிகளைப் பார்க்கிறேன். டார்ச்சின் முகத்தில் பச்சைக் கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கிறேன், பரிசுப் பொருளுக்குச் சுற்றுவார்களே, அது. பச்சை வெளிச்சம் செடிக்குத் தெரியாது. குழுவில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். தூரிகையால் அசுவினிப் பூச்சியைத் தட்டி, தொட்டி தொட்டியாக நுனி பார்த்து வர இருபது நிமிஷம் ஆகிறது.

கட்டிலில் படுத்தபடி அண்ணி சொல்கிறார்: "ஆபரேஷன் தியேட்டருக்கு டாக்டரம்மா வந்தாச்சு."

"இது பச்சை வெளிச்சம் அண்ணி. செடிக்குத் தெரியாது."

"சயின்ஸ் லேப்ல இருக்கறவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்லூரி லேப் அசிஸ்டன்ட்தானே என்று குத்துகிறாரா, பாராட்டுகிறாரா? முப்பது வருஷம் ஊராரோடு லைனில் பேசிப் பழகிய குரல், ஒன்றும் பிடிபடுவதில்லை.

ஜூன் 19

மூன்று வாரம். நுனியில் குண்டூசித் தலை அளவாவது மொட்டு தெரிய வேண்டும். ஒன்றும் இல்லை. இலை மட்டும் தளதளவென்று வளர்ந்து கிடக்கிறது, கட்டுக் கட்டிக் கீரை என்று விற்கலாம்.

ஜூன் 20

இன்று கல்லூரியிலிருந்து வந்தபோது மணி ஐந்தே முக்கால். பின்னறையில் பல்பு எரிந்துகொண்டிருக்கிறது! அண்ணி குளியலறையில்.

"ஒரு நிமிஷம் கண்ணாடி தேடினேம்மா. அணைச்ச ஞாபகம்."

அணைத்த ஞாபகமாம். எனக்கு உச்சந்தலை வரை கோபம். வாயை மூடிக்கொண்டு டீ போட்டேன். மூன்று பேருக்கும் சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

ஜூன் 24

வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய், ஸ்டூலில் ஏறி, பின்னறைப் பல்பைத் தொட்டுப் பார்க்கிறேன். நான்கு நாளாக இதுதான் வேலை. சூடாக இருந்தால் எரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்று சூடாக இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. இருந்தது என்று முடிவு செய்தேன்.

ஜூன் 28

கத்திவிட்டேன்.

மொட்டு இல்லை. ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்றைக்குத் தொடங்கினாலே கண்காட்சிக்கு இழுத்துப் பறித்துத்தான் பூக்கும். இவர் முன்னாலேயே கேட்டேன், "அண்ணி, தினம் லைட் போடுறீங்கதானே?"

"இல்லம்மா. அன்னிக்கு ஒரு நாள்தான்."

"அப்போ எப்படி மொட்டு வராம இருக்கும்? செடி பொய் சொல்லாது."

"நான் சொல்றேன்னு சொல்றியா?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? "பொய்ன்னு சொல்லல. உங்களுக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம். அத்தைக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது" என்றேன்.

அத்தை, என் மாமியார், கடைசி இரண்டு வருஷம் பெற்ற மகளையே யார் என்று கேட்டவர். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போகும்போதெல்லாம் ஓடிப் பிடித்துக்கொண்டு வந்தவர் அண்ணி. நாங்கள் மாதம் ஒரு முறை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்போம்.

அண்ணி இவரைப் பார்த்தார். இவர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

ஜூன் 29

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் உண்மையாகவும் இருக்கலாம் இல்லையா?

ஜூலை 1

அண்ணி நூலகத்துக்குப் போயிருந்த நேரத்தில் பின்னறைப் பல்பைக் கழற்றிச் சமையலறை டிராயரில் போட்டேன்.

சாப்பிடும்போது கேட்டார்: "என் ரூம்ல பல்பு ஃப்யூஸ் போயிடுச்சா?" ஹோல்டர் காலியாக இருந்ததைப் பார்த்திருப்பார். ஆனாலும் அப்படித்தான் கேட்டார், நான் தப்பித்துக்கொள்ள ஒரு வழி விட்டு.

"ஆமா அண்ணி, மாத்தணும்" என்றேன். சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

ஜூலை 3

காலையில் அண்ணி கரண்டி எடுக்க டிராயரைத் திறந்தார். "ஃப்யூஸ் போன பல்பை இவ்வளவு பத்திரமா வச்சிருக்கியேம்மா" என்றார். கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. கல்லூரி போகும் வரை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

ஜூலை 6

மேல் வீட்டுக்காரம்மா தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டார். "உங்க நாத்தனார் சாயங்காலமெல்லாம் மாடிப்படியில உக்காந்து படிக்கறாங்களே, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

படித் திருப்பத்தில் பொது விளக்கு ஒன்று உண்டு. ஐந்தரைக்கு மேல் அண்ணி அங்கே படியில் தலையணை போட்டு உட்கார்ந்து படிக்கிறார். யாராவது ஏறினால் காலை ஒடுக்கிக்கொள்கிறார். நான் லிஃப்டில் வருவதால் தெரியவில்லை. தெரியவில்லையா? தலையணை உறையில் தூசி இருந்தது, அதைத் துவைத்ததே நான்தான்.

"காத்துக்காக உக்காறாங்க" என்றேன். முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். ஊர் பார்க்கும்படி உட்கார்ந்து என் மானத்தை வாங்குகிறாரே என்று. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 9

ஆய்வகத்தின் சாமான் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று புதிதாக வந்த வண்ண ஃபில்டர்களைச் சரிபார்க்கும் வேலை. ஒவ்வொன்றையும் விளக்குக்கும், வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானிக்கும் நடுவில் வைத்து, எந்த நிறம் வருகிறது, எது வரவில்லை என்று குறிக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாகச் செய்கிற வேலை. பேட்டரி மாற்ற வேண்டுமென்று டார்ச் கைப்பையில் இருந்தது. விளையாட்டாகத்தான், அந்தப் பச்சைத் தாளை உரித்து நடுவில் வைத்துப் பார்த்தேன்.

பச்சை வந்தது. அதற்கு அப்புறம் கொஞ்சம் இருட்டு. அதற்கும் அப்புறம், ஓரத்தில், தடித்த சிவப்புப் பட்டை.

தாளைத் திருப்பி வைத்தேன். இரண்டாக மடித்து வைத்தேன். சிவப்பு போகவில்லை.

அந்தச் சிவப்பைத்தான் சாமந்தி பகல் என்று எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஐந்திலிருந்து ஒன்பதரை வரை நாலரை மணி. நான் இருபது நிமிஷம் டார்ச் அடிக்கிறேன். அதற்குப் பிறகு காலை ஏழு வரை ஒன்பது மணி சொச்சம். பதினான்கு மணி இருட்டு என்று அண்ணியைக் காவல் காத்துக்கொண்டு, அதைத் தினமும் நடுவில் வெட்டியது நான்.

கண்ணாடி தேடி அண்ணி போட்ட ஒரு நாள் பல்பால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு நாளில் எந்தச் செடியும் மனசு மாறாது. நான் நாற்பது நாள் போயிருக்கிறேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அத்தையின் பேரைச் சொல்லி அந்த வார்த்தையை வேறு...

இன்று போனதும் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 10

சொல்லவில்லை.

பல்பை எடுத்துக்கொண்டு போனேன். "புதுசு வாங்கிட்டேன் அண்ணி, மாட்டிடவா?" என்றேன். அப்போதும் ஒரு பொய். டிராயரில் பார்த்த அதே பல்பு என்று அவருக்குத் தெரியாதா?

"வேண்டாம்மா" என்றார். "நீ சொன்னதை யோசிச்சேன். கை தானா போகுதோ என்னவோ. இல்லாம இருக்கறதே நல்லது."

"அப்படியெல்லாம் இல்ல அண்ணி" என்றேன். அவ்வளவுதான் வந்தது. நான்தான் அண்ணி, என் டார்ச்தான் அண்ணி. இரண்டு வார்த்தை. நாத்தனார் முன்னால் தலை குனிவதா என்று ஒரு பேய் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

டார்ச்சைத் தொடுவதில்லை. செடிகளைக் காலை ஏழுக்கு மேல்தான் பார்க்கிறேன்.

ஜூலை 15

மொட்டு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம். நல்ல செய்தியோடு சேர்த்துச் சொன்னால் சுலபம்.

ஜூலை 22

கல்லூரியில் பியூரெட் கண்ணாடிக் குழாய் ஒன்றை உடைத்தேன். வேதியியல்காரர்கள் இரவல் கேட்டது. உடனே போய், "நான்தான் உடைச்சேன் சார்" என்று எழுதிக் கொடுத்தேன். எவ்வளவு சுலபமாக வந்தது!

ஆகஸ்ட் 2

மொட்டு. பன்னிரண்டு தொட்டியிலும். நுனிக்கு நாலைந்து, பச்சை மிளகு அளவு.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கூப்பிடும்போது எனக்கு மகிழ்ச்சி, வேறு ஞாபகமே இல்லை. இவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாத்தியா, பல்பைக் கழட்டினதும் வந்துடுச்சு."

திரும்பினேன். அண்ணி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அப்போ நான்தான்" என்றார்.

இல்லை என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் எது? இவர், "விடுக்கா, வயசானா வர்றதுதான்" என்றார். நான் மொட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தின்ன மனசில்லாமல் வாயில் போட்டுக்கொண்டது போல அந்தப் பொய்யை வாங்கி வைத்துக்கொண்டேன். இனி இது என் வாயால் சொல்லாத பொய். சொல்லிய பொய்யைவிட மோசம்.

ஆகஸ்ட் 5

கடைக்குப் போய் தடித்த கறுப்புத் துணி நாலு மீட்டரும், உள்ளங்கை அகல ஃபேன் இரண்டும் வாங்கி வந்தேன். துணியால் ஸ்டாண்டைச் சுற்றி மூடி, உள்ளே ஃபேனை ஓடவிட்டேன். காற்று போகிறது, வெளிச்சம் போகவில்லை. அரை மணி நேர வேலை. மே மாதமே செய்திருக்கலாம். போன வருஷம் பூஞ்சை வந்தது என்று ஒரு சாக்கு. சோம்பேறித்தனத்துக்கு ஒரு மனுஷியை இரண்டு மாதம் இருட்டில் உட்கார வைத்திருக்கிறேன்.

பல்பை மாட்டிவிட்டு, "இனிமே எப்ப வேணாலும் லைட் போடலாம் அண்ணி" என்றேன்.

"எதுக்கும்மா வம்பு" என்றார். ஐந்து மணிக்குத் தலையணையை எடுத்துக்கொண்டு படிக்குப் போனார்.

ஆகஸ்ட் 12

வீட்டில் சீட்டுகள் முளைக்கின்றன. கேஸ் அடுப்புக்கு மேல்: 'அணைத்தாயா?' வாசற்கதவில்: 'சாவி'. குளியலறையில்: 'குழாய்'. ஆபரேட்டர் கையெழுத்து, அச்சடித்த மாதிரி. இதுவரை அவர் கேஸை அணைக்காமல் விட்டதில்லை, சாவியை மறந்ததில்லை. இரண்டையும் செய்கிறவள் நான்.

ஆகஸ்ட் 18

அண்ணி தனியாகப் பேசுவது கேட்டுக் கதவருகே நின்றேன். பேச்சு இல்லை, எண்கள். தீயணைப்பு நிலையம், ரயில் நிலையம், மூன்று மருத்துவமனை, துணிக்கடை, அரிசி மண்டி. பழைய தொலைபேசி எண்கள். ஒரு காலத்தில் ஊரில் பாதி எண்கள் அவர் தலைக்குள் இருந்தனவாம். புத்தகம் பார்க்காமல் இணைப்புக் கொடுப்பாராம், மேலதிகாரியே பந்தயம் வைத்துத் தோற்றாராம். வந்த புதிதில் இந்தக் கதையைச் சொன்னபோது, பெருமை பேசுகிறார் என்று நினைத்தேன்.

துணிக்கடை எண்ணில் நின்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் நின்றார். அடுத்த முறை குரல் நடுங்கியது.

உள்ளே போயிருக்க வேண்டும். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன், கேட்காமல் இருக்க.

ஆகஸ்ட் 26

இதழ் விரிகிறது. மஞ்சள். பார்க்கப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 7

கண்காட்சி. என் மேசையில் எட்டுத் தொட்டி. 'வெயிலே படாமல் பூத்தவை'. கூட்டம் மொய்த்தது. மொட்டை மாடிக்காரர் ஒருவர் பூவைக் கிள்ளிப் பார்த்தார், பிளாஸ்டிக்கோ என்று. ஏங்கியது எல்லாம் நடந்தது. சிறப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

அண்ணி வந்திருந்தார். வரமாட்டார் என்று நினைத்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்து, என் பெயரைக் கூப்பிட்டபோது எல்லோருக்கும் முன்னால் கை தட்டினார். மேடையிலிருந்து இறங்கி வரும்போது, குழுவின் செயலாளரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "இன்னும் முன்னாடியே பூத்திருக்கும். நான்தான் ஞாபகம் இல்லாம லைட் போட்டுப் போட்டுக் கெடுத்துட்டேன். பாவம், ரொம்பப் பொறுமையா இருந்தா."

ரொம்பப் பொறுமையாக இருந்தேனாம்.

செயலாளரம்மா என் தோளைத் தட்டி, "உங்களுக்குப் பெரிய மனசு" என்றார். சான்றிதழின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன், வீட்டுக்கு வரும்போது அது கிழிந்திருந்தது.

செப்டம்பர் 8

அண்ணி கேட்டார்: "ஞாபக மறதிக்குப் பாக்கற டாக்டர்கிட்ட வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கேன். வீட்டுல கூட இருக்கற ஒருத்தர் வரணுமாம். தம்பி வந்தா அழுதுடுவான். நீ வர்றியா?"

வருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 11

எழுதிவிடுகிறேன், எதையும் விடாமல்.

காத்திருக்கும் இடத்தில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் முதல் முறை. கை ஜில்லென்று இருந்தது. "அம்மா மாதிரி ஆயிட்டேன்னா என்னை ஏதாவது இல்லத்துல சேத்துடுங்க. உன் தலையில விழமாட்டேன்" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை. சோதனை நல்லபடியாக வந்தால் தானாகவே சரியாகிவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். இந்த நிமிஷத்தில்கூடக் கணக்கு!

உள்ளே அழைத்தார்கள். டாக்டர் இளம்பெண், பொறுமையாகப் பேசினார். ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அண்ணி இரண்டுக்கு வந்து, "இதுக்கு மேல கடன் வாங்கணும்" என்றார். டாக்டர் சிரித்தார். முப்பதுக்கு இருபத்தொன்பது.

"மார்க் நல்லா இருக்கு. ஆனா சில சமயம் இந்தச் சோதனையில தெரியாது, வீட்டுலதான் தெரியும்" என்று என் பக்கம் திரும்பினார். பேனாவைத் திறந்தார். "நீங்க என்ன கவனிச்சீங்க? எப்போ ஆரம்பிச்சுது? ஒரு உதாரணம் சொல்லுங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். "சொல்லும்மா. நீதானே முதல்ல கண்டுபிடிச்சே."

என்னிடம் இருந்தது ஒரே ஓர் உதாரணம். டாக்டர் எழுதத் தயாராக இருந்தார். நான் வாயைத் திறந்து அதைச் சொல்லியிருந்தால் தாளில் ஏறியிருக்கும், நோய் என்று.

"அவங்க எதையும் மறக்கல டாக்டர்" என்றேன். "நான்தான்..."

அப்புறம் எல்லாம் வந்தது. முன்பின்னாக, உளறிக்கொட்டி. டார்ச், பச்சைத் தாள், சிவப்புப் பட்டை. டாக்டருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?" என்று ஒன்று மட்டும் கேட்டார்.

"ஜூலை ஒன்பது."

டாக்டர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

அண்ணி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் டாக்டரைத்தான் பார்த்தார். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார். டாக்டர் இல்லை என்று தலையாட்டியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், சின்னப் பிள்ளை மாதிரி தோள் குலுங்க. கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரெண்டு மாசமா இந்தச் சிரிப்பை நான் பூட்டி வச்சிருந்தேனே. எதுக்கு? எதுக்குடி?

பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம். துணிக்கடை எண்ணைத் தடங்கலில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டார். என்னிடம் பேசவில்லை.

செப்டம்பர் 12

இவரிடம் நானே சொன்னேன். டி.வி.யை அணைத்துவிட்டுச் சொன்னேன். "எங்க அக்காவை நானே 'வயசானா வர்றதுதான்'னு சொல்லிட்டேனே" என்றார். என்னைத் திட்டவில்லை. சாப்பிடவும் இல்லை.

செப்டம்பர் 14

அண்ணிக்குக் கோபம் இன்றுதான் வந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார். கத்தவில்லை. லைனில் பேசுவது போலத் தெளிவாகச் சொன்னார்.

"டார்ச் அடிச்சது தப்பு இல்ல. தெரியாம பண்ணினது. பல்பைக் கழட்டினதும் போகட்டும். நான் சீட்டு எழுதி ஒட்டினேனே, அதைத் தினம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தே? கண்காட்சியில நான் பேசினதைக் கேட்டுக்கிட்டுத்தானே நின்னே? எங்க அம்மா எப்படிப் போனான்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் விட்டே."

ஆமாம் என்றேன்.

"மன்னிச்சுடுங்கன்னு இப்போ சொல்லாதே. நான் சரின்னு சொல்லிடுவேன். எனக்கு அப்படித்தான் பழக்கம்."

சொல்லவில்லை. கத்தியை எடுத்து மிச்சக் காயை நறுக்கினேன்.

செப்டம்பர் 15

செயலாளரம்மாவுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். குழுவிலும் எழுதிப் போட்டேன், பச்சைத் தாளை நம்பாதீர்கள் என்பதோடு நிறுத்தாமல், யார்மேல் பழி போட்டேன் என்பதையும் சேர்த்து. பச்சைத் தாளைப் பற்றி நாற்பது பேர் கேள்வி கேட்டார்கள். மற்றதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 17

ஸ்டாண்டைப் பிரித்துப் பின்னறையிலிருந்து எடுத்துவிட்டேன். சுவரில் நாலு ஆணித் துளை. தொட்டிகளை மேல் வீட்டுக்காரம்மாவின் மாடிக்கு அனுப்பியாயிற்று. ரொம்பத் தாமதம், தெரியும்.

செப்டம்பர் 28

அண்ணி போய்விட்டார். ஓய்வு பெற்ற பெண்கள் சேர்ந்து தங்கும் விடுதி, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கூட வேலை பார்த்த தோழி ஒருவர் அங்கே இருக்கிறாராம். இவர் கெஞ்சிப் பார்த்தார். "சண்டை போட்டுக்கிட்டுப் போகலடா. எனக்குன்னு ஒரு ரூம் வேணும், அவ்வளவுதான்" என்றார் அண்ணி.

பெட்டியைத் தூக்கப் போனேன். கொடுத்தார். படியில் இறங்கும்போது திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

போன பிறகு அடுப்புக்கு மேலிருந்த சீட்டைக் கிழித்தேன். ஒட்டுப் போகவில்லை, சுரண்ட வேண்டியிருந்தது.

அக்டோபர் 19

இன்றைக்கு அண்ணியைப் பார்க்கப் போனேன். முதல் முறை. இவருக்கு வேறு வேலை. தனியாகத்தான். வரச் சொல்லி அவரே கூப்பிட்டிருந்தார், ஒரு வரி: "ஞாயித்துக்கிழமை சும்மாத்தான் இருப்பேன்."

மூன்றாவது மாடி. அறை சின்னதுதான், ஆனால் மேற்குப் பார்த்த ஜன்னல், சாயங்கால வெயில் கட்டில் வரை வருகிறது. மேசையில் நூலகப் புத்தகம் மூன்று. பக்கத்து அறை அம்மாவைக் கூப்பிட்டு, "தம்பி பொண்டாட்டி, காலேஜ் லேப்ல இருக்கா" என்று அறிமுகப்படுத்தினார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா, "உங்க அண்ணிக்கு என்ன ஞாபக சக்தி! எங்க எல்லார் மாத்திரை நேரமும் அவங்கதான் சொல்றாங்க" என்றார். அண்ணி முகத்தில் பெருமை. எனக்கு ஜன்னலைப் பார்க்க வேண்டியிருந்தது.

பிஸ்கட், டீ. இவருடைய ரத்த அழுத்தம், புதுப் பிரின்சிபால், மேல் வீட்டுக்காரம்மாவின் மூட்டுவலி என்று பேசிக்கொண்டே இருந்தோம். நன்றாகத்தான் பேசினார். இரண்டு முறை சிரித்தார். வெயில் போய் அறை மெல்ல மங்கியது. ஆறு மணி தாண்டியிருக்கும். எதிரில் இருந்த அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பேச்சு மட்டும் நடந்துகொண்டிருந்தது. ஸ்விட்ச் அவர் கைக்கு எட்டும் இடத்தில்தான், கட்டில் தலைமாட்டில்.

பேச்சு நடுவில் அவர் கை அதை நோக்கிப் போனது. போய், நின்றது. என்னைப் பார்த்தார்.

"லைட் போட்டுக்கட்டுமா?" என்றார்.

அவருடைய அறை. அவருடைய விளக்கு. கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "அட, இதைப் பாரேன்" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார், சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போடுங்க என்று சொன்னால் நான் அனுமதி கொடுத்ததாகிவிடும். சொல்லாமல் இருந்தால் அவர் கை அங்கேயே நிற்கும். தலை குனிந்துகொண்டேன்.

சற்று நேரம் கழித்து ஸ்விட்ச் சத்தம் கேட்டது. அவரே போட்டுக்கொண்டார்.